பழைய ஆர்கான் வெல்டிங் மெஷினும் பட்டறையில் கட்டிய டார்ச் கூலரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்தபோது இருந்த நிலை

மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவிலிருந்து இந்த மெஷின் எங்கள் கைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆர்கான் வெல்டிங் (டிக்) மெஷின். ஏசி, டிசி இரண்டும் தரும். 60 சதவீத டியூட்டியில், அதாவது பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டும் கணக்கில், 300 ஆம்பியர். பெயர்ப் பலகையில் 230/460 வோல்ட், சிங்கிள் பேஸ், 60 ஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத எடை. ஆலைச் சாமான்களை ஏலம் எடுத்தவர் இதைக் காயலான் கடைக்கு அனுப்ப ஒதுக்கி வைத்திருந்தார். செம்பும் இரும்பும் என்ன எடை தேறும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொன்னார்.

ஆலையில் இதை ஓட்டியவர் சொன்ன குறைகள் மூன்று. அலுமினியத்தில் ஆர்க் நிற்பதில்லை. டிசியில் போட்டால் பிரேக்கர் விழுகிறது. வெல்டர் கையில் பிடிக்கும் டார்ச் எரிந்துபோய்விட்டது.

எங்கள் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. உடைந்த பம்ப் உறை, கியர் பாக்ஸ் மூடி, மில் மெஷின்களின் அலுமினிய வார்ப்பு என்று வரும். பல உருப்படிகள் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன். அலுமினியத்துக்கு மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 6 மில்லிமீட்டருக்கே 240 ஆம்பியர் வேண்டும்; அதற்கு மேல் வார்ப்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கையில் இருந்த 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் மெல்லிய தகட்டுக்கு அருமையானது, இந்த வேலைக்குப் பற்றாது. 300 ஆம்பியரில் ஏசி தரும் புது மெஷினின் விலையில் சிறு பங்குதான் இந்தப் பழையதற்கு ஆகும் என்பதால் இறங்கினோம்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைமுறை மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மரும், வெல்டிங் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சுருளான ரியாக்டரும் லேசில் சாவதில்லை. போவதெல்லாம் ஓரத்தில் இருக்கும் சின்னச் சாமான்கள். அவற்றை மாற்றிவிட்டால் மெஷின் 300 ஆம்பியர் தரும். ஆனால் டார்ச் தாங்குகிற அளவுதான் வெல்டரின் கைக்கு வரும். அதனால் இந்த வேலையில் பாதி மெஷினில், பாதி தண்ணீரில்.

திறந்து பார்த்தது

முதலில் மூடியைக் கழற்றினோம். கம்ப்ரஸர் காற்றால் ஊதவில்லை. அந்தக் காலத்து மெஷின்களில் வெப்பம் தாங்கும் அட்டையும் வயர் உறையும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். ஊதினால் அது பட்டறை முழுக்கப் பறக்கும். ஈரத்துணியாலும் வேக்குவத்தாலும் எடுத்தோம். பஞ்சாலையில் இருந்த மெஷின் என்பதால் ரியாக்டருக்குள் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டியாகச் சேர்ந்திருந்தன. காற்று போகும் வழி அடைபட்டிருந்தும் காயில் எங்கும் கருகியிருக்கவில்லை.

அடுத்து பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்கள். அமெரிக்காவில் பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) எண்ணெயைத் தயாரிப்பதற்கு 1979ல் தடை வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய் கெப்பாசிட்டர் எதுவானாலும் அந்த நச்சு எண்ணெய் உள்ளே இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கையுறை போட்டு, டெர்மினல்களை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, துளை போடாமல், உடைக்காமல் கழற்றி, மூடிய டப்பாவில் தனியாக வைத்தோம். அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம்தான் அவை போக வேண்டும். செம்புக்காகவோ அலுமினியத்துக்காகவோ இதை வெட்டுகிற பழக்கம் காயலான் கடைகளில் உண்டு. வெட்டுபவரின் தோலுக்கும் அந்த மண்ணுக்கும் அது கேடு. மெஷின் ஓடுவதற்கு இந்தக் கெப்பாசிட்டர்கள் அவசியமில்லை. லைனிலிருந்து இழுக்கும் ஆம்பியர் கூடும், அவ்வளவுதான்.

பிறகு இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெகர். 500 வோல்ட் மெகரில் பிரைமரிக்கும் பாடிக்கும் நடுவே 0.3 மெகாஓம். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது. பக்கத்து வைண்டிங் கடை அண்ணன் வந்து பார்த்தார். "காயில் போகலீங்க தம்பி, ஈரந்தான் புடிச்சிருக்குது. அடியில பல்பு போட்டு நல்லா வாட்டுங்க. மொதல்ல ரீடிங் இன்னும் கீழ போகும், பயந்துராதீங்க" என்றார். இரண்டு 200 வாட் குண்டு பல்புகளை உள்ளே தொங்கவிட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஈரக்காற்று வெளியேற உச்சியில் ஒரு சந்து விட்டோம். அவர் சொன்னபடியே நடந்தது. காயில் சூடேறியதும் ரீடிங் 0.15க்கு இறங்கியது. சூட்டில் இன்சுலேஷனின் தடை குறைவதும், உள்ளே இருந்த ஈரம் கிளம்பி வெளியே வரும் வழியில் பரவுவதும் இதற்குக் காரணம். ஈரம் வெளியேற வெளியேற மெல்ல ஏறி, 20 மெகாஓமைத் தாண்டி நின்றது. அதன் பிறகுதான் வார்னிஷ் அடித்தோம். ஈரத்தோடு வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

50 ஹெர்ட்ஸ் கணக்கு

60 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்த்தால் பதில் வந்துவிடும். இரும்புக் கருவில் ஏறும் காந்தப் பாய்வு அந்த விகிதத்தைப் பொறுத்தது.

230 டேப்பில் (230 வோல்ட்டுக்கான இணைப்பில்), செய்தவர் நினைத்த விகிதம் 230ஐ 60ஆல் வகுத்தால் வரும் 3.83. நம் ஊரில் அதே 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6. பாய்வு 20 சதவீதம் கூடுதல். கரு தெவிட்டி, அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற்க முடியாமல், சும்மா நின்றாலே மெஷின் உறுமும், சூடேறும், பிரேக்கரைத் தள்ளும். 460 டேப்பில் பார்த்தால் செய்தவர் கணக்கு 7.67, நம் பட்டறைகளில் டூ பேஸ் என்று சொல்லும் 415 வோல்ட்டை 50ஆல் வகுத்தால் 8.3. 8 சதவீதம்தான் கூடுதல். கனமான பழைய கரு அதைத் தாங்கும்.

வெளிவரும் சக்தி குறையுமா? ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் பெயர்ப் பலகையில் 80. நம் 415ல் அது 72 ஆகிறது. ஆனால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரியாக்டரின் எதிர்ப்பும் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்றுக்கு ஒன்று ஈடு. மேல் எல்லை ஆம்பியர் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 460 டேப்பில் வைத்துக்கொண்டு, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வழியாக 230 வரை மட்டும் ஏற்றினோம். இது நல்ல வழி: பாய்வு பாதியை ஒட்டி இருக்கும், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் கிளாம்ப் மீட்டரிலும் சத்தத்திலும் தெரிந்துவிடும், எதுவும் எரியாது. அதில் சரியாக இருந்த பிறகே 415. ஆர்க்கைப் பற்றவைக்கும் உயர் அதிர்வெண் தீப்பொறியைத் தரும் எச்எஃப் பிரிவின் பிரைமரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளி வோல்டேஜை அளக்க வேண்டும். எச்எஃப் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் போய்விடும்.

மூன்று குறைகளும் மூன்று காரணங்களும்

டிசியில் பிரேக்கர் விழுந்ததற்குக் காரணம், மெயின் பிரிட்ஜின் நான்கு டயோடுகளில் ஒன்று ஷார்ட். இணைப்பைப் பிரித்து அளந்ததும் தெரிந்தது. நான்கையும் ஒரே வகையாக மாற்றி, ஹீட் சிங்கின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் தடவி, டார்க் ரெஞ்சால் முறுக்கினோம்.

ஆம்பியர் கட்டுப்பாடு இந்த மெஷினில் காந்த முறையில் நடக்கிறது. ரியாக்டரில் ஒரு கன்ட்ரோல் வைண்டிங். அதற்குச் சிறிய டிசி. அந்த டிசி கூடக்கூட ரியாக்டர் தெவிட்டி வெல்டிங் கரண்ட் கூடுகிறது. சர்க்யூட் போர்டே கிடையாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சரிசெய்ய முடிவது அதனால்தான். அந்தச் சிறு டிசிக்கு செலினியம் ரெக்டிஃபயர் அடுக்கு இருந்தது. தகடுகள் அரித்து, வோல்டேஜ் தளர்ந்திருந்தது. செலினியம் எரிந்தால் வரும் அழுகல் நாற்றப் புகை நச்சு. ஓடுகிறதே என்று விட்டுவைக்க வேண்டியதில்லை. சிலிக்கான் பிரிட்ஜ் போட்டு, அது கூடுதலாகத் தரும் வோல்டேஜைக் குறைக்கத் தொடரில் ஒரு வயர்வுண்டு ரெசிஸ்டரும், அதிர்வு வோல்டேஜைத் தடுக்க வேரிஸ்டரும் சேர்த்தோம். ரியோஸ்டாட்டின் தடம் கறுத்திருந்தது. சுத்தம் செய்து, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினோம்.

அலுமினியத்தில் ஆர்க் நிற்காததுதான் உண்மையான சிக்கல். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைகிறது. டார்ச் முனையிலுள்ள டங்ஸ்டன் எலக்ட்ரோடு நெகட்டிவாக மாறும் அரைச் சுற்றில் அது சூடாக இருப்பதால் எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். அலுமினியம் நெகட்டிவாகும் அரைச் சுற்றில் அப்படிக் கிளம்பாது. மறுபடி பற்றவைக்க எச்எஃப் தீப்பொறி வேண்டும். அந்த அரைச் சுற்றில்தான் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு உடைகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடுக்கு 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். எச்எஃப் பலவீனமானால் சுத்தம் செய்யும் அந்த அரைச் சுற்று தவறித் தவறிப் போகும், உருகிய உலோகக் குட்டை அழுக்காகும், ஆர்க் கரகரக்கும்.

எச்எஃப் பெட்டியைத் திறந்தால் தீப்பொறி முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி. இருக்க வேண்டியது 0.2. இடைவெளி கூடினால் பொறி பெரிதாகத் தெரியும். ஆனால் நொடிக்கு எத்தனை முறை வெடிக்கிறது என்பது குறைந்துவிடும், மைக்கா கெப்பாசிட்டரின் மேல் வோல்டேஜ் அழுத்தமும் ஏறும். முனைகளின் டங்ஸ்டன் பகுதி கரைந்து தீர்ந்திருந்தது. இவற்றை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. தீர்ந்தால் ஜோடியாக மாற்ற வேண்டும். புது முனை போட்டு ஃபீலர் கேஜால் 0.2 வைத்தோம். ஆலையில் இந்த மெஷினை ஒதுக்கி வைத்ததற்கு இந்தச் சிறு இடைவெளியே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேஸ் சொலினாய்டு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது, மாற்றியாயிற்று. அதன் பக்கத்தில் தண்ணீருக்கும் ஒரு சொலினாய்டு இருந்தது.

டார்ச் ஏன் எரிந்தது

அந்தக் காலத்து ஏற்பாடு இதுதான்: குழாய்த் தண்ணீரைச் சொலினாய்டு வழியாக டார்ச்சுக்குள் விட்டு, மறுபக்கம் சாக்கடையில் விடுவது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் மணிக்கு 60 லிட்டர். நம் ஊரில் அப்படித் தண்ணீர் விட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

டங்ஸ்டன் ஆர்க் முறைக்கு ரஸ்ஸல் மெரிடித் கலிபோர்னியாவின் நார்த்ராப் விமான நிறுவனத்திலிருந்து 1942ல் காப்புரிமை பெற்றார். மெக்னீசியத்தை ஹீலியம் வாயுவில் ஒட்டுவதற்காகப் பிறந்த முறை அது. அன்றிலிருந்தே இதில் பெரிய தலைவலி எலக்ட்ரோடு முனையின் சூடு. அலுமினியத்துக்காக ஏசிக்கு வந்தபோது அந்தச் சூடு இன்னும் கூடியது. காற்றில் குளிரும் 26 வகை டார்ச்சுக்கு 200 ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். அது டிசி கணக்கு. ஏசியில் அதற்கு முன்பே கைப்பிடியைப் பிடிக்க முடியாது. நீரில் குளிரும் 18 வகை டார்ச் 350 ஆம்பியர் தாங்கும்.

எப்படித் தாங்குகிறது என்று உள்ளே பார்த்தால்தான் எரிந்த காரணம் புரியும். நீர்க்குளிர் டார்ச்சின் பவர் கேபிள் மிக மெல்லிய செம்புப் பின்னல். அது தண்ணீர் திரும்பும் ஹோஸுக்கு உள்ளேயே ஓடுகிறது. குளிர்ந்த நீர் தனி ஹோஸில் டார்ச் தலைக்குப் போய், தலையைக் குளிர்வித்து, கேபிளைக் கழுவிக்கொண்டே திரும்புகிறது. தண்ணீர் நின்றால் அந்த மெல்லிய செம்பு கொஞ்ச நேரத்தில் ஹோஸை உருக்கிவிடும். எங்களுக்கு வந்த பழைய டார்ச்சில் தலை நன்றாகவே இருந்தது, எரிந்தது கேபிள். வெட்டிப் பார்த்தோம். திரும்பும் பாதை முழுக்க வெள்ளையாக உப்புப் படிவு. கடின நீர் வருஷக்கணக்கில் ஓடியதன் விளைவு.

எவ்வளவு சூடு, எவ்வளவு தண்ணீர்

கூலர் என்றதும் எல்லோரும் ரேடியேட்டரைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் ஓட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் ஓடினால், தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 70 வாட் வேண்டும். டார்ச்சிலிருந்து 700 வாட் வந்தால் 10 டிகிரி ஏறும். இந்த ஒரு கணக்கு போதும்.

ஏர் கூலருக்குப் போடும் சின்ன மூழ்கு பம்பை வாளியில் வைத்து ஓட்டுவது பல பட்டறைகளில் பழக்கம். அந்த பம்ப் தூக்கும் உயரம் இரண்டு மீட்டருக்குள், அழுத்தம் 0.2 பார் கூட வராது. டார்ச் ஹோஸின் துளை குறுகல், நீளம் போக வர 8 மீட்டர், திரும்பும் வழியில் செம்புப் பின்னல் வேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. எரிந்ததற்குப் பதிலாக எடுத்த டார்ச்சில் அந்த பம்பை வைத்து அளந்தோம், நிமிடத்துக்கு 0.3 லிட்டரைத் தொடவில்லை. அதே 700 வாட்டுக்கு 33 டிகிரி ஏறும். வெயில் காலத்தில் 40 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 73 டிகிரியில் வெளியே வரும். ஹோஸ் இளகும். வாளியில் ஐஸ் போட்டாலும் இந்த 33 டிகிரி குறையாது.

ஐஸ் இன்னொரு கெடுதலும் செய்கிறது. காற்றில் ஈரம் இருக்கும் நாளில் டார்ச் தலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்தால், உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். அந்த ஈரம் ஆர்கானோடு கலந்து ஆர்க்கில் உடைந்து ஹைட்ரஜனாகும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும், உறையும்போது வெளியே தள்ளும். வெல்டு முழுக்க ஊசித்துளை. தண்ணீர் அறை வெப்பத்தைவிடச் சற்றுச் சூடாக இருப்பதே அலுமினியத்துக்கு நல்லது.

பம்ப்

மூன்று வகை பம்புகளைப் பரிசீலித்தோம். ஊரே பம்ப் ஊர் என்பதால் அரை குதிரைத்திறன் மோனோபிளாக் முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டுத் தொட்டிக்குப் போடும் பெரிஃபெரல் வகை 2 பாருக்கு மேல் அழுத்தம் தரும். ஆனால் உடல் வார்ப்பிரும்பு. உப்பில்லாத தண்ணீரில் துருப்பிடித்து, அந்தத் துருவே டார்ச்சை அடைக்கும். போதாததற்கு, இந்த வகையில் ஓட்டம் குறையக் குறைய மோட்டார் இழுக்கும் சக்தி கூடும், அதெல்லாம் தண்ணீரில் சூடாகச் சேரும். பேட்டரி ஸ்ப்ரேயரில் இருக்கும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் மலிவு, அழுத்தமும் உண்டு. விட்டுவிட்டு ஓட்டுவதற்கு வடிவமைத்தது. நாள் முழுக்க ஓட்டினால் பிரஷ் தேயும். தற்காலிகத்துக்கு நல்லது.

நாங்கள் எடுத்தது கழித்துப்போட்ட சோடா மெஷினில் இருந்த பித்தளை வேன் பம்ப். கால் குதிரைத்திறன் ஏசி மோட்டார், உள்ளே கார்பன் இதழ்கள், பக்கத்தில் அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகு. வெளிநாட்டுக் கம்பெனி டார்ச் கூலர்கள் பலவற்றில் இதே இனப் பம்புதான். ஒரு எச்சரிக்கை: சோடா மெஷினில் ரிலீஃப் வால்வை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். டார்ச் ஹோஸ் 3.5 பாருக்கு மேல் தாங்காது. டார்ச்சை மாட்டும் முன் கேஜ் வைத்து 2.8 பாருக்கு இறக்கினோம். மிச்சத் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறாமல் இருக்க, தொட்டிக்கே திரும்பும் ஒரு பைபாஸ் வால்வும் போட்டோம். உறிஞ்சும் பக்கம் ஸ்டெயின்லெஸ் வலை வடிகட்டி. தொட்டி பம்புக்கு மேலே. கார்பன் இதழ் பம்ப் உலர்ந்து ஓடினால் நிமிடங்களில் தேய்ந்துவிடும்.

ரேடியேட்டருக்குப் பழைய விண்டோ ஏசியின் கன்டென்சர் காயில். செம்புக் குழாயும் அலுமினிய இதழும் கொண்டது. தண்ணீர் தொடுவது செம்பை மட்டும். கார், பைக்கின் அலுமினிய ரேடியேட்டரைத் தவிர்த்தோம், ஏனென்றால் டார்ச் தலை செம்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும். காயிலுக்குள் இருந்த கம்ப்ரஸர் எண்ணெயை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்புத் தண்ணீரிலும் கழுவி எடுத்தோம். பின்னால் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். திரும்பும் சூட்டு நீர் முதலில் காயில், பிறகு தொட்டி, பிறகு பம்ப்.

தொட்டி 10 லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் கேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

தண்ணீரும் எச்எஃப்பும்

டார்ச்சுக்குள் ஓடும் தண்ணீர், வெல்டிங் வோல்டேஜையும் எச்எஃப்பையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அது ஒரு கம்பியாகிவிடும். எச்எஃப்பின் ஒரு பங்கு டங்ஸ்டனுக்குப் போகாமல் கூலரின் பாடிக்குக் கசியும், செம்பும் அரிக்கும். போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிமையானாலும் இதற்கு ஆகாது. பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றினோம். கார் கூலன்ட்டும் கூடாது. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் மின்சாரத்தைக் கடத்தும், சிலவற்றில் ஓட்டை அடைக்கும் மருந்தும் கலந்திருக்கும். தண்ணீர் உறையும் குளிர் இங்கே இல்லாததால் கிளைக்காலே தேவையில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஆர்ஓ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கித் தொட்டியோரம் தொங்கவிட்டிருக்கிறோம். 50ஐத் தாண்டினால் தண்ணீரை மாற்றுவது எங்கள் வழக்கம்.

எச்எஃப்புக்குப் பயந்தே பம்பும் ஃபேனும் நேரடி 230 வோல்ட் ஏசி மோட்டார்களாக வைத்தோம். மலிவான எஸ்எம்பிஎஸ் (மின்னணு பவர் சப்ளை), டிஜிட்டல் ஃப்ளோ மீட்டர் எல்லாம் எச்எஃப் பக்கத்தில் தடுமாறும், சில சமயம் செத்தும் போகும்.

பாதுகாப்புக்கு ரீட் வகை ஃப்ளோ சுவிட்ச். அதைத் திரும்பும் பாதையில் வைக்க வேண்டும். போகும் பாதையில் வைத்தால், நடுவில் ஹோஸ் கழன்று தரையில் ஊற்றினாலும் தண்ணீர் ஓடுவதாகவே அது சொல்லும். திரும்பும் பாதையில் இருந்தால், தலையையும் கேபிளையும் சுற்றி வந்த தண்ணீருக்கு மட்டுமே சம்மதிக்கும். சுவிட்ச் ஒரு ரிலேயை இயக்க, ரிலே, வெல்டிங் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயிலோடு தொடரில் நிற்கிறது. ஓட்டம் இல்லையென்றால் டார்ச்சில் கரண்ட் இல்லை. இந்த மொத்தக் கட்டுமானத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், நான் ரேடியேட்டரை விட்டுவிட்டு இந்தச் சுவிட்சை வைத்துக்கொள்வேன். வெறும் 10 லிட்டர் தண்ணீரே 700 வாட்டில் ஒரு டிகிரி ஏற ஒரு நிமிடம் எடுக்கும். இடைவெளி விட்டுச் செய்யும் வேலைக்கு அது தாங்கும். சுவிட்ச் இல்லாமல் ஒரு ஹோஸ் மடங்கினால் டார்ச் அங்கேயே முடிந்தது.

எங்கள் டார்ச்சில் தண்ணீர் இணைப்புகள் இடது மரை, கேஸ் இணைப்பு வலது மரை. மாற்றி மாட்ட முடியாதபடி செய்த நல்ல ஏற்பாடு. அடாப்டர் கடையும்போது அதைக் கெடுத்துவிடாமல் அப்படியே காப்பாற்றினோம்.

ஓட்டிப் பார்த்தபோது

டார்ச்சை மாட்டி, திரும்பும் குழாயை ஒரு லிட்டர் ஜாடியில் விட்டு அளந்தோம். நிரம்ப 50 நொடி. அதாவது நிமிடத்துக்கு 1.2 லிட்டர். பிறகு ஒரு தடித்த அலுமினியப் பலகையின் மேல் 180 ஆம்பியர் ஏசியில் விடாமல் ஆர்க் பிடித்தோம். பட்டறை வெப்பம் 34 டிகிரி. நிலைக்கு வந்தபோது டார்ச்சுக்குப் போகும் தண்ணீர் 41, திரும்புவது 49. 8 டிகிரி வித்தியாசத்தை 1.2 லிட்டரோடு சேர்த்துக் கணக்கிட்டால் 670 வாட் வரை வருகிறது. ஆர்க்கின் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீர் தூக்கிப் போகிறது. வெறும் கையில் டார்ச்சைத் தொட முடிந்தது.

240 ஆம்பியரில் கியர் பாக்ஸ் மூடி ஒன்றைச் செய்தோம். எண்ணெய் ஊறிய பழைய வார்ப்பு. விரிசலை வி வடிவில் வெட்டி, சூடேற்றி, எண்ணெயை எரித்து, கம்பிப் பிரஷ் போட்டு, பிறகு வெல்டு. இரண்டு சதவீத லான்தனம் கலந்த நீல நிற டங்ஸ்டன், 3.2 மில்லிமீட்டர். பழைய சைன் அலை மெஷினுக்குத் தூய டங்ஸ்டன்தான் வேண்டும் என்பது பழைய பாடம். இது அதைவிடக் கூடுதல் ஆம்பியர் தாங்குகிறது, முனை உருண்டையும் அளவாக நிற்கிறது. தோரியம் கலந்த சிவப்பை நாங்கள் வாங்குவதில்லை. கூர் தீட்டும்போது பறக்கும் தூள் கதிரியக்கமுள்ளது. சரியான எச்எஃப்போடு இந்தப் பழைய மெஷின் தரும் ஆர்க் மென்மையானது. இன்வெர்ட்டரின் கூர்மையான ஒலி இல்லை, அழுக்கு வார்ப்பைப் பொறுத்துக்கொள்கிறது. குறையும் உண்டு. சுத்தம் செய்யும் அரைச் சுற்றைக் கூட்டிக் குறைக்க இதில் வழியில்லை. மெல்லிய தகட்டுக்கு இன்னும் இன்வெர்ட்டரைத்தான் எடுக்கிறோம்.

மின்சாரம் இது நிறையத் தின்னும். 300 ஆம்பியரில் 415 லைனிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் இரண்டு பேஸில் மட்டும். நாங்கள் ஓட்டும் 200 சொச்சத்தில் 35 முதல் 42. அந்த நேரத்தில் லேத்தை நிறுத்திவிடுகிறோம்.

ஒரு கோடை முழுக்க ஓடிய பிறகு வடிகட்டியைத் திறந்தோம். கொஞ்சம் கறுப்புத் தூள், கார்பன் இதழின் தேய்மானம். தண்ணீரில் நீலம் இல்லை. செம்பு அரித்திருந்தால் நீலம் தட்டியிருக்கும். ஃபேன் வழியாக வந்த அலுமினியத் தூளும் தூசியும் காயில் இதழ்களில் படிந்திருந்தன, ஊதி எடுத்தோம். தீப்பொறி இடைவெளி 0.25 ஆகியிருந்தது, திரும்ப 0.2க்குக் கொண்டு வந்தோம்.

இதே மாதிரி 60 ஹெர்ட்ஸ் மெஷின் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்டறையில் மூன்று பேஸ் இணைப்பும் மெஷினில் 460 டேப்பும் இருந்தால், மெகர் ரீடிங் பார்த்துவிட்டு எடுங்கள். வீட்டு ஒற்றை பேஸ் மட்டும் இருந்தால் வேண்டாம். அந்த 20 சதவீதக் கூடுதல் பாய்வுக்குச் சுலபமான மருந்தில்லை. அவர்கள் இந்தக் கூலரை மட்டும் கட்டிக்கொள்ளலாம். கையிலுள்ள 200 ஆம்பியர் இன்வெர்ட்டருக்கு 20 வகை நீர்க்குளிர் டார்ச் மாட்டினால், விரல் கனத் தலையும் இலகுவான கேபிளுமாக, முழு ஆம்பியரில் கை சுடாமல் வேலை செய்யலாம். கூலர் அப்படியே பொருந்தும், ஃப்ளோ சுவிட்சை மட்டும் டார்ச் சுவிட்ச் வயரோடு தொடரில் சேர்க்க வேண்டும்.